தள்ளுபடி

உக்காருங்க தம்பி. அந்தத் துணி பேல் மேலயே உக்காருங்க, உள்ள லுங்கிதான், நசுங்கினா ஒண்ணும் ஆவாது. குடோன்ல நாற்காலி ஒண்ணுதான் கிடக்கு. இங்கன யாரு வாரா, ரெண்டாவது நாற்காலி போட?

செல்லக்கனியப் பத்தி விசாரிக்க வந்திருக்கிய. உங்க தம்பிக்குக் கேட்டிருக்கிய. நல்ல காரியம். விசாரிக்காம பொண்ணெடுக்கிறவன் கூறுகெட்ட பய. ஆனா என்னைய வந்து கேக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா? கடையில கேஷ் கவுண்டர்ல சொன்னாவளா?

என்னது? அவளேவா?

அவளே என் பேரச் சொன்னாளா? "ஆவுடையப்பன் அண்ணாச்சிகிட்ட கேளுங்க, அவியளுக்குப் பொய் சொல்ல வராது"ன்னா? பாத்தியளா. இதுதான் தம்பி அவ. நான் அவளப் பத்தி என்ன சொல்லுவேன்னு தெரிஞ்சே அனுப்பியிருக்கா பாருங்க. எம்புட்டு நெஞ்சழுத்தம்! சரி, கேட்டுட்டிய, சொல்லுதேன். அப்புறம் இந்த ஆளு சொல்லலியேன்னு நீங்க வருத்தப்படக்கூடாதுலா.

கேசு போட்டவ அவதானான்னு கேக்கிய. அவளேதான். சோறு போட்ட கடைய கோர்ட்டுக்கு இழுத்தவ அவதான். கூட ஒரு கூட்டம் போச்சு. அதெல்லாம் ஆட்டுமந்தை, முன்ன போறத பாத்துப் பின்ன போவும். முன்ன போனது இவ.

நான் யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கிடுங்க. இந்த ஜவுளிக்கடையில ரெண்டாவது மாடி முழுக்க சேலை. அந்த மாடியே என் கையிலதான் இருந்துச்சு. ஃப்ளோர் சூப்பர்வைசர். இப்ப எதுக்கு குடோன்ல இருக்கிய, அப்படித்தான பாக்கிய? வாரேன், அதுக்கும் வாரேன். கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தக் கடைக்கு வந்தவன் நான். இப்ப மகளுக்கே கல்யாணம் முடிஞ்சு ஓசூர்ல இருக்கா. காலையில கடையத் திறந்து சாம்பிராணி போடுறது நான். ராத்திரி ஷட்டர இறக்கி, சாவிய முதலாளி வீட்டுல கொண்டு குடுத்துட்டு, அப்புறம்தான் என் வீடு. ஞாயித்துக்கெழம லீவு கிடையாது. ஞாயித்துக்கெழமதான கூட்டமே. தீபாவளி அன்னைக்குக் காலையில கூட ரெண்டு பேரு வேட்டி கேட்டு வருவான், நான் கடையில இருப்பேன். என் பொண்டாட்டி ஆரம்பத்துல சண்ட போட்டுப் பாத்தா. அப்புறம் சண்டயும் போடுறதில்ல, பேசுறதும் கொறஞ்சு போச்சு. நிம்மதியா இருக்கு.

இப்படி இருக்கணும் தம்பி ஒரு கடையில வேல பாக்கதுன்னா. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு அது எங்க தெரியுது? எட்டு மணி நேரம்னு சட்டம் இருக்காம். சட்டமா வந்து சேலை எடுக்கு? சேலை எடுக்கிறவ ராத்திரி ஒம்போது மணிக்குத்தான் புருசனக் கூட்டிட்டு வருவா. அவள வாசல்ல நிறுத்தி சட்டத்த வாசிச்சுக் காட்டவா?

செல்லக்கனி மூலக்கரைப்பட்டிப் பக்கம். அது உங்களுக்கே தெரியும். அப்பன் இல்ல. ரெண்டு தம்பிமாரப் படிக்க வச்சா, அதான் வயசு கூடிட்டு. அது அவ தலையெழுத்து, நான் குறை சொல்லல. வேலையில எப்படின்னு கேட்டியன்னா, விக்கத் தெரியும். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வியாபாரம் தெரியாது. ஒருத்தி முந்நூறு ரூவாய்க்கு சேலை கேட்டு வந்தா, முந்நூறு ரூவா சேலையத்தான் எடுத்துக் காட்டுவா! நான் எத்தன வாட்டி சொல்லியிருக்கேன், முதல்ல ஆயிரத்த விரி, அவ கண்ணு அதுல நிக்கட்டும், அப்புறம் எறங்கிக்கிடலாம்னு. கேக்க மாட்டா. "கொண்டு வந்த காசு அவ்வளவுதான் அண்ணாச்சி, முகத்தப் பாத்தாலே தெரியுது"ன்னுவா. கோட்டிக்காரி. அவகிட்ட வாங்கினவளுவ திரும்பத் திரும்ப அவளத் தேடித்தான் வருவாளுவ, அது ஒரு தொந்தரவு. மத்த கவுண்டர்ல ஈ ஓட்டுவாளுவ, இவ கவுண்டர்ல கூட்டம் நிக்கும். ஒழுங்கா பிரிச்சு விட முடியாது.

சவத்த விடுங்க. கேசுக்கு வாரேன்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. சாயங்காலம் நல்ல கூட்டம், கால் வைக்க இடமில்ல. எங்க மாடியில மரியபுஷ்பம்னு ஒருத்தி. அவ மாப்பிள்ள கீழ வந்து நிக்கான், பிள்ளைக்குக் காய்ச்சல், அனலா கொதிக்குன்னு. ஃபோனையெல்லாம் காலையிலேயே வாங்கிப் பெட்டியில வச்சிருவோம்லா, அதனால நேர்லயே வந்துட்டான். புஷ்பம் என்கிட்ட வந்து, "அண்ணாச்சி, போவட்டுமா"ங்கா. எப்ப? தீபாவளிக் கூட்டத்துல! நான் போவக்கூடாதுன்னா சொன்னேன்? "விரிச்ச சேலைய மடிச்சு வச்சுட்டுப் போ"ன்னுதான் சொன்னேன். அவ மடிக்க மடிக்க ஆளு வந்து விரிக்கச் சொல்லுது. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

அப்பதான் செல்லக்கனி தன் கவுண்டர விட்டுட்டு வாரா. "புஷ்பம், நீ கெளம்பு. நான் மடிச்சுக்கிடுதேன்"ங்கா. என்னையக் கேக்கல. என் முகத்தக் கூடப் பாக்கல. அந்த மாடியில என்னையக் கேக்காம ஒரு ஃபேன் சுத்தாது தம்பி!

நான் சொன்னேன், "என் சீட்டு இல்லாம கீழ செக்யூரிட்டி விடமாட்டான்."

"அப்போ சீட்டு குடுங்க அண்ணாச்சி."

"மடிச்சு முடிக்கட்டும், தாரேன்."

"பிள்ளைக்குக் காய்ச்சல்ங்கா."

"காய்ச்சல் எங்கயும் ஓடிப் போவாது. கூட்டம் போயிரும்."

நியாயமான பேச்சா இல்லையா? சொல்லுங்க. நீங்க என்ன தரையப் பாக்கிய? சரி.

முடிச்சுப் போறதுக்கு நேரமாயிட்டு. போனப்ப பிள்ளைக்கு ஜன்னி கண்டுட்டாம். பெரியாஸ்பத்திரியில கொண்டு போட்டு, பிழைச்சுட்டு. பிழைச்சுட்டுலா? ஒரு பக்கத்துக் காதுதான் கேக்காமப் போச்சு. அதுக்கு நானா காரணம்? ஆவுடையப்பன் சீட்டு குடுக்காததாலதான்னு டாக்டரு எழுதிக் குடுத்தாரா? ஆனா புஷ்பம் திரும்ப வேலைக்கு வந்ததுல இருந்து என் முகத்தப் பாக்கிறதில்ல. நான் ஒண்ணு கேட்டா சேலையப் பாத்துத்தான் பதில் சொல்லுவா. என்ன ராங்கி பாத்தியளா?

என் மகளுக்கு வராத காய்ச்சலா? ஆறாங்கிளாஸ் படிக்கையில மஞ்சக்காமாலையில கிடந்தா. ஆடித் தள்ளுபடி நேரம். நான் போட்டுட்டு ஓடினேனா? கடைய அடைச்சுட்டுத்தான் போனேன். அவ தூங்கிட்டா. தினமும் அப்படித்தான், நான் வீட்டுக்குப் போவையில தூங்கிருப்பா, அவ எந்திரிக்கையில நான் கடைக்கு வந்திருப்பேன். என்ன குறைஞ்சு போச்சு? இப்ப ஓசூர்ல நல்லா இருக்கா. ஃபோன் அவ அம்மைக்குத்தான் போடுவா. அப்பா கடையில இருப்பாவன்னு அவளுக்குத் தெரியும்லா. விவரமான பிள்ள.

அந்தத் தீபாவளி முடிஞ்ச கையோட இவளுவ ஒரு பொம்பள வக்கீலப் பிடிச்சாளுவ. எங்கன பிடிச்சாளுவளோ. பாளையங்கோட்டையில லேபர் கோர்ட்ல கேசு. எட்டு மணி நேரத்துக்கு மேல நின்ன நேரத்துக்கெல்லாம் ஓவர் டைம், இரட்டைச் சம்பளம் வேணுமாம். நோட்டீஸ் வந்த அன்னைக்கு முதலாளி என்னையத்தான் கூப்பிட்டாவ. நோட்டீஸத் திருப்பித் திருப்பி வாசிக்காவ. நான் சொன்னேன், "முதலாளி, நம்மகிட்ட மெஷின் இருக்கு. எதுக்குப் பயப்படுதிய?"

மெஷின்னா, விரல் வைக்கிற மெஷின். காலையில வரையில ஒரு விரல், போவையில ஒரு விரல். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா பிள்ளையளும் வரிசையா வந்து விரல் வச்சிரணும். வச்சுட்டு, திரும்ப மாடி ஏறி அவங்கவங்க கவுண்டர்ல நின்னுக்கிடணும். ஷட்டர் எறங்குற வரைக்கும். மெஷினக் கேட்டா ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சுன்னு சொல்லும். யாரு யோசனைன்னு நினைக்கிய? என் யோசனைதான். முதலாளி அன்னைக்கு முதுகுல தட்டிக் குடுத்தாவ. எனக்குப் படிப்பு பத்தாங்கிளாஸ்தான் தம்பி, ஆனா மூளை வேற.

அதனால கேசுல நம்ம கட்சிதான் பலம். ஆறு மணிக்கு எல்லாரும் போயிட்டாவன்னு மெஷின் சொல்லுது. அதுக்கு மேல ஒரு ஆளு வந்து ஆமான்னு சாட்சி சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. அந்த ஆளு யாரு? நான்தான். முதலாளி எனக்குன்னு புதுச் சட்டை எடுத்துக் குடுத்தாவ, நம்ம கடைச் சட்டைதான், கஞ்சி போட்டு. நம்ம வக்கீலு சொல்லிக் குடுத்தாரு, "அண்ணாச்சி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஆறு மணி, அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை வேண்டாம்." எனக்கே சொல்லிக் குடுக்காரு! நான் எத்தன ஆயிரம் பேருட்ட பேசிச் சேலை வித்தவன்!

கோர்ட்ல கூண்டுல ஏறினேன். இவளுவ எல்லாரும் ஓரமா நிக்காளுவ, செல்லக்கனி முன்னால. நம்ம வக்கீலு கேட்டாரு, நான் சொன்னேன். ஆறு மணி. டக்குன்னு. அப்புறம் அந்தப் பொம்பள வக்கீல் எந்திரிச்சு வந்தா. சின்னப் பிள்ள. குரலே எழும்பல. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

"ஐயா, நீங்க இந்தக் கடையில ரொம்ப வருசமா இருக்கீங்க."

"ஆமா."

"நீங்களும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிருவீங்கதான?"

எனக்கு எப்படி இருக்கும் தம்பி? நடுக் கோர்ட்ல, ஜட்ஜ் ஐயா முன்னால, முதலாளி முன்னால, என்னையப் பாத்து ஆறு மணிக்கு வீட்டுக்குப் போறவன்னு சொல்லுதா! நான் கேட்டேன், "என்னைய என்னான்னு நினைச்சிய? ஷட்டர் எறங்காம நான் ஒரு நாள் கடைய விட்டு எறங்கினதுண்டா, முதலாளிகிட்டக் கேளுங்க. ராத்திரி பத்தரை ஆனாலும் சரி, பதினொண்ணு ஆனாலும் சரி. என் மாடியில ஒரு சேலை கலைஞ்சு கிடக்க விட்டதில்ல நான்."

"அவ்வளவு பெரிய மாடி. பத்தரை மணி வரைக்கும் கலைஞ்ச சேலையெல்லாம் நீங்க ஒரே ஆளா மடிப்பீங்களா ஐயா? பாவம்."

பாவம்னுட்டா! என்னையப் பாத்து! நான் விடுவனா? "நான் எதுக்கு மடிக்கணும்? நாப்பது பிள்ளையள் எதுக்கு இருக்கு? கடைசிச் சேலை அலமாரிக்குப் போற வரைக்கும் என் கண்ணு முன்னால ஒரு பிள்ள அசைய முடியாது. வேணும்னா அன்னா நிக்காளுவளே, அவளுவகிட்டயே கேளுங்க"ன்னேன்.

ஜட்ஜ் ஐயா அதுவரைக்கும் குனிஞ்சே இருந்தாவ, தலையத் தூக்கி என்னையப் பாத்தாவ. "இப்ப சொன்னத இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு கேட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாவ. அந்தளவுக்குப் பிடிச்சுப் போச்சு. நம்ம வக்கீலு அசந்து போயி நெத்தியில கைய வச்சு உக்காந்துட்டாரு. அந்தப் பொம்பள வக்கீலுக்கு அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்க வாய் வரல. "வேற கேள்வி இல்லை"ன்னு உக்காந்துட்டா. ஒரே அடி. கூண்டுல இருந்து எறங்கையில செல்லக்கனி என்னையப் பாத்துட்டே நின்னா. கண்ணுல தண்ணி. பயம் வந்துட்டு, பின்ன என்ன?

திரும்பி வரையில கார்ல முதலாளி ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தாவ. யோசனையில இருந்தாவ. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்ததும், "ஆவுடையப்பன், நீங்க எறங்கி பஸ்ல வந்திருங்க"ன்னாவ. அவியளுக்கு வேற எங்கயோ சோலி இருந்திருக்கும். பெரிய ஆளுக, ஆயிரம் சோலி இருக்கும்.

மறுநாளே எனக்குப் புதுப் பொறுப்பு. குடோன். "மாடி வேண்டாம், உங்களுக்கு வயசாவுது, குடோனப் பாத்துக்கிடுங்க"ன்னாவ. குடோன்னா சும்மாவா? கடையோட மொத்த முதலும் இங்கதான கிடக்கு. நம்பிக்கை உள்ள ஆள்கிட்டதான் குடுப்பாவ. மாடியில இப்ப ஒரு சின்னப் பய நிக்கான், காதுல வயரு மாட்டிக்கிட்டு. சேலைக்கும் சுடிதாருக்கும் வித்தியாசம் தெரியாத பய.

சரி, இதுக்குப் பிறகுதான் வேடிக்கையே. கேசு அவளுவ பக்கம் தோத்துப் போச்சுன்னு ஆனப்புறம், முதலாளி பெரிய மனசு பண்ணி சமாதானம் பேசக் கூப்பிட்டாவ. எதுக்கு இந்தப் பிள்ளையளப் போட்டு அலைய விடணும்னு நினைச்சிருப்பாவ. முதலாளி ரூம்லதான் பேச்சு. ரெண்டு வக்கீலும் இருந்தாவ. இவளும் புஷ்பமும் போனாளுவ. நான் துணியில வெட்டின மாதிரிப் பீஸ் குடுக்கணும்னு போனேன், கதவு திறந்து கிடந்தது, சரி, கூப்பிட்டா உடனே போயிரலாம்னு வெளிய நின்னேன்.

முதலாளி சொல்லுதாவ, "கேச வாபஸ் வாங்கிருங்க. ரெண்டு பக்கமும் சேந்து எழுதிக் குடுத்துருவோம். மொத்தமா ஒரு தொகை தந்து முடிச்சுக்கிடுதேன்."

இவ சொல்லுதா, "வாபஸ் வாங்குதோம் முதலாளி. நாங்க கடையப் பூட்ட வரல. எங்களுக்கும் இதுதான சோறு. தொகைய வக்கீலம்மா பேசிக்கிடுவாவ. நீங்க நேரத்த எழுதுங்க."

"எந்த நேரத்த?"

"ஆறு மணின்னா ஆறு மணி. விரல் வச்சா, அப்புறம் மாடி ஏற மாட்டோம். ராத்திரிக்கு வேற ஆள் போடுங்க. வீட்டுல இருந்து யாராவது தேடி வந்தா, சீட்டு கேக்காம விடணும்."

"தொகைய வேணும்னா இன்னும் கொஞ்சம் கூட்டித் தாரேன் தாயி. இதெல்லாம் எதுக்கு எழுத்துல?"

"தொகை கொறஞ்சாலும் பரவாயில்ல முதலாளி. இத எழுதுங்க."

முட்டாளா இல்லையா? காசு கூட்டித் தாரேங்காவ, வேண்டாங்கா! இதத்தான் நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவப் போறிய. கூட ஒருத்தி, அந்தப் புஷ்பம், பக்கத்துல நின்னா. முதலாளி அவளப் பாத்து, "நீ என்னம்மா சொல்லுத"ன்னு கேட்டாவ. "கனி அக்கா சொல்லுததுதான். எனக்கு அந்தச் சீட்டு இனி யாருக்கும் வேண்டாம்"ன்னா. அவ்வளவுதான் பேசினா.

முதலாளி நம்ம வக்கீலப் பாத்துட்டு, சரின்னுட்டாவ. எழுந்திரிக்கப் போறப்ப இவ, "இன்னொண்ணு"ங்கா. "இந்தக் கேசுக்காக ஒருத்தரையும் வேலைய விட்டு நிறுத்தக் கூடாது."

"உங்கள யாரு நிறுத்தப் போறா?"

"எங்கள மட்டும் சொல்லல. ஆவுடையப்பன் அண்ணாச்சியையும் சேத்துத்தான் சொல்லுதேன். அவிய பேரையும் எழுதுங்க."

நான் வெளிய நிக்கேன் தம்பி. என் காதுல விழுது. மாதிரிப் பீஸு கையில இருந்து கீழ விழுந்துட்டு. என் வேலைய, என் வேலைய, நேத்து வந்தவ கேட்டு வாங்கித் தரணுமா? என்னைய யாரு நிறுத்தப் போறா? முதலாளி அவ வாய அடைப்பாவ, "ஏ பிள்ள, ஆவுடையப்பன் யாருன்னு நினைச்ச"ன்னு ஒரு அதட்டு அதட்டுவாவன்னு பாத்தேன். அவிய அதட்டல. அப்புறம் நம்ம வக்கீல்கிட்ட, "சரி, அதையும் சேத்துக்கிடுங்க"ன்னாவ.

அவ மனசு நோவக்கூடாதுன்னு சொல்லியிருப்பாவ. சமாதானம் பேசையில சும்மா ஒண்ணு ரெண்டு விட்டுக் குடுக்கிறதுதான. எனக்குத் தெரியும்லா முதலாளிய. என்னைய எடுப்பாவளா? சிரிப்பாணியா வருது.

கோர்ட்ல எழுதிக் குடுக்கிற அன்னைக்கு நானும் போனேன். என்னைய யாரும் கூப்பிடல, நானாத்தான் போனேன். நம்ம கடை ஜெயிக்கிறதப் பாக்கணும்லா. ஜட்ஜ் ஐயா ஒவ்வொருத்தியையா கூப்பிட்டு, "யாரும் மிரட்டலியே? நீங்களா மனசாரத்தான் வாபஸ் வாங்குதீங்களா?"ன்னு கேட்டாவ. எல்லாரும் ஆமான்னாளுவ. முதலாளியையும் கேட்டாவ. அவியளும் ஆமான்னாவ. அப்புறம் ஜட்ஜ் ஐயா வாசிச்சாவ பாருங்க, காதுல தேன் பாஞ்ச மாதிரி இருந்துச்சு: "இருதரப்பும் சமரசம் செய்துகொண்டதால் மனு தள்ளுபடி." தள்ளுபடி! நாங்க பாக்காத தள்ளுபடியா? வருசா வருசம் ஆடிக்குப் போர்டு எழுதி மாட்டுறவனே நான்தான. தள்ளுபடின்னா என்ன? கழிச்சு விட்டாச்சுன்னு அர்த்தம். யாரு வாபஸ் வாங்குவா? தோத்தவன்தான வாபஸ் வாங்குவான்? நான் கூட்டத்துக்குப் பின்னால நின்னு கைதட்டிட்டேன். கோர்ட் டவாலி வந்து வெளிய போன்னுட்டான். சவம், அவனுக்கென்ன தெரியும்?

வெளிய வராண்டாவுல வந்து பாத்தா, இவளுவ ஒருத்திய ஒருத்தி கட்டிப் பிடிச்சு அழுதுட்டு நிக்காளுவ. தோத்த அழுகை. பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. நான் தலைய நிமுத்தி அவளுவளத் தாண்டிப் போறேன், இவ ஓடி வாரா பின்னால.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்."

"என்ன?"

"அன்னைக்கு நீங்க மட்டும் கூண்டுல உள்ளதச் சொல்லலன்னா எங்களுக்கு ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. நீங்க நல்லா இருக்கணும்."

எனக்கு ஒண்ணும் புரியல. தோத்தவ எதுக்கு நன்றி சொல்லுதா? புத்தி பேதலிச்சுட்டு போலன்னு நினைச்சேன். அதோட விட்டாளா? பக்கத்துல வந்து, மெதுவா, யாருக்கும் கேக்காம சொல்லுதா.

"வக்கீலம்மாகிட்ட உங்களுக்கும் கேட்டேன். நீங்களும் ஒரு மனு போடலாமாம். எங்கள விட நீங்கதான அண்ணாச்சி கூட நேரம் நின்னிருக்கிய. வாழ்நாள் பூரா நின்னிருக்கிய. நீங்களும் எங்கள மாதிரிதான."

தம்பி, நான் உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்லுதேன். அவ கேசு போட்டத நான் மறந்துருவேன். கடைய கோர்ட்டுக்கு இழுத்ததக் கூட மன்னிச்சிருவேன். ஆனா அந்த ஒரு வார்த்தை! நீங்களும் எங்கள மாதிரிதான! என்னையவும் அவளுவளையும் ஒண்ணாக்கிட்டாளே! கடைச் சாவி யாரு கையில இருந்துச்சு? என் கையிலயா, அவ கையிலயா? நான் கத்தினேன். வராண்டா முழுக்க திரும்பிப் பாக்க கத்தினேன். "ஏட்டி, நான் கடைக்காரன்ட்டி. நீ கூலிக்காரி. வாய அளந்து பேசு"ன்னேன். என்ன கத்தினேனோ, முழுசா நினைவில்ல. முதலாளி அந்தப் பக்கமாத்தான் கார் ஏறினாவ. கேட்டிருப்பாவ. என் பக்கம் திரும்பல. அவசரமா போவ வேண்டியதிருந்திருக்கும்.

அவ பதிலுக்குத் திட்டல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திரும்பத் திட்டியிருந்தான்னா ஆறியிருக்கும். சும்மா நின்னு கேட்டுட்டு, "வெயில்ல நிக்காதிய அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

அன்னைக்கு ராத்திரி நான் வீட்டுல சாப்பிடல. என் பொண்டாட்டி ரொம்ப நாளைக்கப்புறம் வந்து, என்னன்னு கேட்டா. சொன்னேன், இப்படி இப்படிப் பேசிட்டான்னு. அவ கோவப்படுவான்னு நினைச்சேன். அவ சோத்துத் தட்ட மூடி வச்சுட்டு, "அந்தப் பிள்ள பேரு என்ன?"ன்னு கேட்டா. சொன்னேன். அவ்வளவுதான், எந்திரிச்சுப் போயிட்டா. பொம்பளைக்குப் பொம்பள எப்பவும் ஒண்ணுதான் தம்பி. அத நம்பி ஒண்ணும் சொல்லக்கூடாது.

இதான் விசயம். இனி நீங்க முடிவு பண்ணிக்கிடுங்க. என்னையக் கேட்டா, வேண்டாம். இவ வீட்டுக்கு வந்தான்னா, உங்க தம்பி ராத்திரி லேட்டா வந்தா ஏன்னு கேப்பா. உங்க அம்மை ஒரு சோலி சொன்னா, முடியும்னா முடியும்பா, முடியாதுன்னா முடியாதும்பா. நெஞ்சுல ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேசத் தெரியாது. அப்படிப்பட்டவள வச்சு எப்படிக் குடும்பம் நடத்த? யாருக்குச் சண்டை வந்தாலும் இவ போயி நடுவுல நிப்பா. தனக்கு ஆதாயமா, நட்டமான்னு பாக்கத் தெரியாத ஜென்மம். நல்லா யோசிச்சுக்கிடுங்க.

அன்னா பாருங்க, ஆறு மணி ஆயிட்டு போல. வெளிய வருதாளுவ. கடையில விளக்கப் போட்டு கூட்டம் ஏறுத நேரம், இவளுவ பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாளுவ. வெயில் இருக்கையிலேயே வீடு போயி என்ன செய்வாளுவளோ? எனக்கெல்லாம் சாயங்கால வெயில் எந்தப் பக்கம் விழும்னே தெரியாது. சிரிப்பு வேற. ரோடே கேக்கிற மாதிரி.

அந்த நடுவுல வாராளே, மூங்கில் மாதிரி ஒல்லியா, அவதான். கையக் காட்டாதிய. பாத்துட்டா. இங்கதான் வாரா. பாத்தியளா, மாப்பிள்ள வீட்டு ஆளு உக்காந்திருக்காருன்னு தெரியும்லா, ஒரு கூச்சம் உண்டா, தலையக் குனியுதாளா? நேரா வாரா, கடன் குடுத்தவ மாதிரி.

நான் திரும்ப மாட்டேன். நீங்களும் கண்டுக்கிடாதிய. பெரிய மனுசன் மாதிரி அப்படியே உக்காந்திருங்க, அவளுக்கு ஒரு பயம் இருக்கட்டும்.

தம்பி, உக்காருங்கங்கேன். அட, நீங்க எதுக்கு எந்திரிச்சு நிக்கிய?